ஃபார்மட் செய்யும் முன்: விண்டோஸின் அன்றாடத் தொல்லைகளும் அவை விட்டுச்செல்லும் தடயங்களும்

கணினி மெதுவாகிவிட்டது, அச்சுப்பொறி அசைய மறுக்கிறது, கடிகாரம் பின்னோக்கிப் போகிறது, இணைய இணைப்பு இருந்தும் வலைத்தளங்கள் திறப்பதில்லை என்று எந்தக் குறையோடு பழுதுபார்க்கும் கடைக்குச் சென்றாலும், 'ஃபார்மட் போட்டுவிடலாம்' என்ற ஒரே விடையைத்தான் பலரும் கேட்டுத் திரும்புகின்றனர். வட்டின் ஒரு பகுதியை வெறுமையாக்கிப் புதிதாக வகுத்து, அதன்மீது இயங்குதளத்தை மீண்டும் நிறுவும் இந்த வேலை விரைவில் முடிந்துவிடுவதாலும், நிறுவிய முதல் சில வாரங்களில் கணினி உண்மையிலேயே சுறுசுறுப்பாக இயங்குவதாலும், இதுவே எல்லாப் பழுதுக்கும் தீர்வு என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. ஆனால் காரணம் இன்னதென்று அறியாமல் செய்யப்படும் மறுநிறுவல், பயனரின் கோப்புகளை இடருக்கு உள்ளாக்குவதோடு, அந்தக் காரணத்தைச் சுட்டிக்காட்டியிருக்கக்கூடிய பதிவுகளையும் சேர்த்தே அழித்துவிடுகிறது. பழுது வன்பொருளில் இருக்குமாயின் அது இருந்த இடத்திலேயே இருந்து, சில நாள்களில் மீண்டும் தலைகாட்டுகிறது.

விண்டோஸ் தன்னிடம் நிகழ்வனவற்றைத் தானே எழுதிவைக்கும் இயங்குதளம் என்பதைப் பயனர்களில் மிகச் சிலரே அறிந்திருக்கின்றனர். 1993இல் வெளியான விண்டோஸ் என்.டி.யிலேயே, பிழைகளையும் எச்சரிக்கைகளையும் நேரத்தோடு பதிந்துகாட்டும் 'ஈவென்ட் வியூவர்' என்னும் நிகழ்வுப் பதிவேடு இடம்பெற்றிருந்தது. எந்த நிரல் எவ்வளவு வளத்தை எடுத்துக்கொள்கிறது என்பதை அந்தந்த நொடியில் காட்டும் 'டாஸ்க் மேனேஜர்' 1996இல் வெளிவந்த என்.டி. 4.0 பதிப்பில் சேர்ந்தது. எனினும் சாதாரணப் பயனருக்கு இவ்விரண்டையும்விட உதவக்கூடியது, 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த 'ரிலையபிலிட்டி மானிட்டர்' என்பதே. இது நாள்வாரியாக ஒரு கட்டம் வரைந்து, நிரல் நின்றுபோன நாளில் சிவப்புக் குறியிட்டு, அதே நாளில் எந்த மென்பொருள், எந்த டிரைவர், எந்த அப்டேட் நிறுவப்பட்டது என்பதையும் கீழே காட்டி, கணினியின் நிலைத்தன்மைக்கு 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண்ணும் இடுகிறது. 'போன வாரம் வரை நன்றாகத்தானே இருந்தது' என்று சொல்பவருக்குப் போன வாரம் என்ன மாறியது என்பதை இந்த ஒரு திரை காட்டிவிடும். தொடக்கப் பட்டியின் தேடலில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டினாலே இது திறக்கும் என்றாலும், இதைத் திறந்து பார்த்தவர்கள் அரிது.

மெதுவாகும் கணினி

கணினி மெதுவாக இருக்கிறது என்னும் புகார் ஒன்றாகத் தோன்றினாலும், அதன் பின்னால் குறைந்தது மூன்று வெவ்வேறு நிலைமைகள் இருக்கக்கூடும்: கணிப்பைச் செய்யும் சி.பி.யு. ஓய்வின்றி உழைக்கலாம், வேலை நடக்கும்போது தரவைத் தாங்கும் ரேம் நினைவகம் போதாமல் போகலாம், அல்லது தரவைச் சேமித்துவைக்கும் வட்டு, கேட்ட வேகத்தில் கொடுக்க முடியாமல் திணறலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் திறக்கும் டாஸ்க் மேனேஜர், இம்மூன்றையும் தனித்தனி நெடுவரிசைகளில் விழுக்காட்டோடு காட்டுவதால், கணினி தேங்கி நிற்கும் அந்த நேரத்திலேயே அதைத் திறந்து பார்ப்பதே சோதனையின் முதல் படி.

பழைய கணினிகளில் மிகுதியும் 100 விழுக்காட்டைத் தொட்டு நிற்பது வட்டின் நெடுவரிசையே. சுழலும் தட்டுகளைக் கொண்ட ஹார்டு டிஸ்க், நிமிடத்துக்கு 7200 சுற்று சுழல்வதாயினும் ஒரு சுற்றை முடிக்க ஏறக்குறைய 8.3 மில்லிநொடி ஆகிறது. படிப்பு முனை தடம் மாறும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், வட்டின் வெவ்வேறு மூலைகளில் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளுக்கான கோரிக்கைகளில் நொடிக்கு நூறு அளவையே அது நிறைவேற்ற முடியும். அசையும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. வட்டுகளோ நொடிக்குப் பல்லாயிரம் கோரிக்கைகளைத் தாங்குகின்றன. இயங்குதளம் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் ஒரே நேரத்தில் கேட்கப்படுவதாலும், அப்போதே வைரஸ் தடுப்பு நிரலும் தேடல் அட்டவணையும் அப்டேட் சேவையும் வட்டை நாடுவதாலும், ஹார்டு டிஸ்க் கொண்ட கணினியில் முதல் பத்து நிமிடங்கள் வீணாகின்றன. இத்தகைய கணினியை ஃபார்மட் செய்தால், தொடக்கத்தில் ஓடும் நிரல்கள் குறைந்துவிடுவதால் சில வாரங்கள் வேகம் கூடுவது உண்மையே. அந்த நிரல்கள் மீண்டும் நிறுவப்பட்டதும் பழைய நிலை திரும்பிவிடுவதால், வட்டை மாற்றுவதொன்றே நிலையான தீர்வு. பலமுறை ஃபார்மட்டுக்குக் கொடுத்த கூலியில் ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கியிருக்கலாம் என்ற நிலையில் உள்ள கணினிகள் ஏராளம்.

வட்டை மாற்ற இயலாதோர், டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பகுதியில், கணினி தொடங்கும்போதே தாமாக எழுந்துகொள்ளும் நிரல்களின் பட்டியலைப் பார்த்துத் தேவையற்றவற்றை நிறுத்திவைக்கலாம். நிறுத்திவைப்பதால் நிரல் அழிந்துவிடுவதில்லை, வேண்டும்போது அழைத்தால் வரும். இதைவிட ஆழமாகப் பார்க்க விரும்புவோருக்கு, மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய 'சிஸ்இன்டர்னல்ஸ்' தொகுப்பில் உள்ள 'ஆட்டோரன்ஸ்' உதவும். 2006இல் மைக்ரோசாஃப்ட் அத்தொகுப்பைத் தன்வயப்படுத்திய பின்னும் அது இலவசமாகவே கிடைக்கிறது. வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்', 'ரேம் பூஸ்டர்' வகை மென்பொருள்களோ பயனைவிடத் தீங்கையே மிகுவிக்கின்றன. ரெஜிஸ்ட்ரி என்பது இயங்குதளமும் நிரல்களும் தத்தம் அமைப்புகளை எழுதிவைக்கும் தரவுத்தளம். அதைத் துப்புரவாக்கும் மென்பொருள்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அறிவித்துள்ளது. ரேமைப் பொறுத்தவரை, பயன்படாமல் கிடக்கும் இடத்தில் விண்டோஸ் அடிக்கடி தேவைப்படும் கோப்புகளின் நகலை முன்கூட்டியே ஏற்றிவைக்கிறது என்பதால், அதை வலிந்து காலிசெய்யும் மென்பொருள், அடுத்த முறை அதே கோப்புகளை மெதுவான வட்டிலிருந்து படிக்கும்படி கணினியைத் தள்ளுகிறது.

ஷட்டவுன் செய்தும் முற்றாக அணையாத கணினி

நாள்தோறும் மாலையில் ஷட்டவுன் செய்து காலையில் புதிதாகத் தொடங்குவதால் தம் கணினியில் பழைய சிக்கல் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பில்லை என்று நம்புவோர், 2012இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்னும் ஏற்பாட்டை அறிந்தாக வேண்டும். இந்த ஏற்பாடு இயங்குகையில், ஷட்டவுன் கட்டளை பயனரின் நிரல்களை மட்டுமே முழுதாக மூடுகிறது. இயங்குதளத்தின் உள்மையமாகிய கர்னலும், வன்பொருளோடு பேசும் டிரைவர்களும் அந்த நேரத்தில் இருந்த நிலையிலேயே வட்டில் ஒரு கோப்பாக எழுதப்பட்டு, மறுநாள் அங்கிருந்தே மீட்டெடுக்கப்படுகின்றன. ஆகவே குழம்பிப்போன ஒலி டிரைவரோ, ஒரு நினைவகக் கசிவோ எத்தனை முறை ஷட்டவுன் செய்தாலும் தொடர்ந்து வந்துகொண்டேயிருக்கும். ரீஸ்டார்ட் கட்டளையோ கர்னலையும் முழுதாக இறக்கி மீண்டும் ஏற்றுகிறது. டாஸ்க் மேனேஜரின் செயல்திறன் பகுதியில் 'அப்டைம்' என்ற இடத்தில், அன்று காலையில்தான் தொடங்கப்பட்ட கணினி பதினைந்து நாள்களாக ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டினால், காரணம் இதுவே. ஒலி வராமை, ப்ளூடூத் இணையாமை, வைஃபை காணாமற்போதல் போன்ற சிறு தொல்லைகளில் பெரும்பகுதி, ஷட்டவுனுக்குப் பதிலாக ஒரு முறை ரீஸ்டார்ட் செய்ததும் மறைந்துவிடுகின்றன.

கணினி தானாகவே அணைந்து எழுவது வேறு வகைச் சிக்கல். இதற்கு நிகழ்வுப் பதிவேட்டில் பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள். 1074 என்ற எண் இருந்தால், அப்டேட்டோ ஒரு நிரலோ பயனரோ கட்டளையிட்டு நிகழ்ந்த அணைப்பு என்று பொருள். கட்டளையிட்ட நிரலின் பெயரும் அங்கேயே இருக்கும். 'கர்னல்-பவர்' என்ற பெயரோடு 41 என்ற எண் இருந்தால், முறையாக மூடப்படாமலே கணினி நின்றது என்று பொருள். அதனுள் பிழைக் குறியீடு பூச்சியமாக இருக்குமாயின், விண்டோஸ் எதையும் எழுத அவகாசமின்றி மின்சாரம் போயிருக்க வாய்ப்பு மிகுதி என்பதால், ஐயம் முதலில் எஸ்.எம்.பி.எஸ். என்று கடைகளில் சொல்லப்படும் மின்வழங்கி மீதும் யு.பி.எஸ். பேட்டரி மீதும் செல்ல வேண்டும். இந்தப் பழுதுக்கு ஃபார்மட் செய்யப்படுவதைக் காணும்போதுதான் மிகுந்த வருத்தம் உண்டாகிறது, ஏனெனில் கோப்புகளையும் இழந்து, பழுதும் தீராமல் பயனர் வெறுங்கையோடு நிற்கிறார்.

கடிகாரம் தவறும் சிக்கலிலும், தவறும் அளவே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. மின்சாரம் நிறுத்தப்படும் ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விட்டால், மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 என்னும் 3 வோல்ட் நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். இதன் விளைவு கடிகாரத்தோடு நிற்பதில்லை. வலைத்தளங்கள் தம் அடையாளத்தை மெய்ப்பிக்கக் காட்டும் மின்சான்றிதழ் ஒவ்வொன்றும் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்ற வரம்புடையது. கணினியின் தேதி அந்த வரம்புக்கு வெளியே இருந்தால், இணைப்பு பாதுகாப்பற்றது என்று கூறி உலாவி பெரும்பாலான தளங்களைத் திறக்க மறுக்கும். வைரஸ் புகுந்துவிட்டது என்று இதைத் தவறாகக் கருதிக் கணினியையே அழித்து நிறுவுவோரும் உண்டு. மாறாக, கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் மட்டும் தவறுமாயின் பேட்டரியைத் தொட வேண்டியதில்லை. விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைப்பது வழக்கம். லினக்ஸ் அதில் உலகப் பொதுநேரத்தை வைப்பது வழக்கம். இந்தியாவும் இலங்கையும் பொதுநேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடம் முன்னால் இருப்பதால், இரண்டு இயங்குதளங்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவோர் இந்த வேறுபாட்டை அப்படியே காண்கின்றனர். லினக்ஸில் ஒரே கட்டளையால் அதை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும்.

வரிசையில் சிக்கிய அச்சு

அச்சுப்பொறிக்கு அனுப்பப்படும் ஆவணம் நேரே அதனிடம் செல்வதில்லை. 'பிரிண்ட் ஸ்பூலர்' என்னும் பின்னணிச் சேவை அதை முதலில் வட்டில் ஒரு கோப்பாக எழுதி, வரிசையில் நிறுத்தி, அச்சுப்பொறி ஏற்கும் வேகத்துக்கு ஏற்ப அனுப்புகிறது. வரிசையின் தலையில் நிற்கும் ஒரு கோப்பு சிதைந்துவிட்டால், பின்னால் உள்ளவை அனைத்தும் தேங்கிவிடுவதோடு, அதை நீக்கச் சொன்னாலும் 'நீக்கப்படுகிறது' என்ற சொல்லோடு அது அங்கேயே நிற்கும். சர்வீசஸ் பட்டியலில் ஸ்பூலரை நிறுத்தி, விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற கோப்புறையில் உள்ள கோப்புகளை மட்டும் அழித்து, சேவையை மீண்டும் தொடங்கினால் வரிசை வெறுமையாகிவிடும். வைஃபை வழியே இயங்கும் அச்சுப்பொறி சில நாள்களுக்கொரு முறை 'ஆஃப்லைன்' என்று காட்டுவதற்கு இது காரணமன்று. ரூட்டர் அச்சுப்பொறிக்குப் புதிய முகவரி ஒன்றைத் தந்திருக்க, கணினி இன்னும் பழைய முகவரியையே நாடிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாலும் காரணம் என்பதால், ரூட்டரின் அமைப்பில் அச்சுப்பொறிக்கு நிலையான முகவரியை ஒதுக்கிவிடுவது நல்லது.

அப்டேட் பற்றிய எரிச்சலுக்கும் ஒரு நாள்காட்டி உண்டு. 2003 முதல் மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்புத் திருத்தங்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிட்டுவருவதால், இந்திய நேரப்படி மறுநாள் புதன்கிழமையிலிருந்தே கணினிகள் ரீஸ்டார்ட் கேட்கத் தொடங்குகின்றன. 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்ற அமைப்பில் அதிகபட்சம் 18 மணி நேரத்தை வேலை நேரமாகக் குறித்துவிட்டால், அந்நேரத்தில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆவது தவிர்க்கப்படும்.

தமிழில் வேலை செய்வோரின் தொல்லைகள்

பதிப்பகங்களிலும் அச்சகங்களிலும் அரசு அலுவலகங்களிலும் தமிழில் தட்டச்சு செய்வோருக்கென்றே சில தொல்லைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று ஃபார்மட்டாலேயே உண்டாவது. விண்டோஸ் 2000 தமிழ் யூனிகோடை ஏற்றபோது அதனுடன் வந்த 'லதா' எழுத்துருவில் உருவான ஆவணங்கள் எண்ணற்றவை. ஆனால் விண்டோஸ் 10இல் லதாவும் 'விஜயா'வும் விருப்பக் கூறுகளின் பட்டியலுக்கு மாற்றப்பட்டு, விண்டோஸ் 8 முதல் வந்த 'நிர்மலா' மட்டுமே இயல்பாக நிறுவப்படுகிறது. எனவே புதிதாக நிறுவிய கணினியில் பழைய ஆவணத்தைத் திறந்தால் வேறோர் எழுத்துரு அதன் இடத்தைப் பிடித்து, வரிகள் உடைந்து, பக்க எண்ணிக்கை மாறி, பொருளடக்கமே பிழையாகிவிடுகிறது. செட்டிங்ஸில் விருப்பக் கூறுகள் என்ற பகுதிக்குச் சென்று தமிழுக்கான துணை எழுத்துருக்களைச் சேர்த்துக்கொள்வதே இதற்குப் போதுமானது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை ஆங்கில எழுத்துகளாகத் தோன்றுவதோ வேறு சிக்கல். அந்த ஆவணங்களில் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பதே ஆங்கிலக் குறியீடுகள்தாம் என்பதால், அவற்றை யூனிகோடுக்கு மாற்றியே தீர வேண்டும்.

கோப்பை நகலெடுக்கும்போது 'பெயர் மிக நீளமானது' என்று விண்டோஸ் மறுப்பதற்கும் தமிழோடு தொடர்புண்டு. கோப்புறைகளின் பெயர்களையும் கோப்பின் பெயரையும் சேர்த்த முழு முகவரி 260 குறிகளைத் தாண்டக்கூடாது என்பது விண்டோஸில் நெடுங்காலமாக உள்ள வரம்பு. யூனிகோடில் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால், கண்ணுக்கு நான்கு எழுத்தாகத் தெரியும் 'கோப்புறை' என்ற சொல் எட்டுக் குறிகளை எடுத்துக்கொள்கிறது. கட்டுரைத் தலைப்பு முழுவதையும் கோப்பின் பெயராக இடும் பழக்கமுள்ளோர் ஏறக்குறைய பாதி வழியிலேயே வரம்பைத் தொட்டுவிடுகின்றனர். 2016இல் வந்த விண்டோஸ் 10இன் ஒரு பதிப்பு முதல் இந்த வரம்பைத் தளர்த்தும் அமைப்பு ஒன்று இருந்தாலும், எல்லா நிரல்களும் அதை ஏற்பதில்லை. பெயர்களைச் சுருக்குவதே நம்பத்தகுந்த வழி.

கடவுச்சொல் சரியாக இருந்தும் கணினி ஏற்க மறுத்தால், விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் விசை அழுந்தி விசைப்பலகை தமிழுக்கு மாறியிருக்கிறதா என்பதைத் திரையின் வலது கீழ் மூலையில் முதலில் பார்க்க வேண்டும். புள்ளிகளாக மறைந்து தோன்றும் கடவுச்சொல்லில் மொழி மாறியது தெரிவதில்லை.

85 லட்சம் கணினிகளும் ஒரு கோப்பும்

காரணத்தைத் தேடிக் கண்டு அதை மட்டும் நீக்கும் முறை சிறு தொல்லைகளுக்கே பொருந்தும் என்று கருதுவோர், 2024 ஜூலை 19 அன்று நிகழ்ந்ததை நினைவுகூரலாம். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அன்று அனுப்பப்பட்ட ஓர் உள்ளடக்கத் திருத்தம், 20 உள்ளீடுகளை மட்டுமே வழங்கிய நிரலிடம் 21ஆவதைத் தேடியதால், அந்நிரல் தனக்குரியதல்லாத நினைவக இடத்தைப் படிக்க முயன்று கர்னலோடு சேர்ந்து வீழ்ந்தது. மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ்கள் வழங்கப்பட்டன. பிழையான திருத்தம் 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டாலும், ஏற்கெனவே வீழ்ந்த கணினிகள் ரீஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் மீண்டும் வீழ்ந்தன. அவற்றை எழுப்பப் பரிந்துரைக்கப்பட்ட வழி, இன்றியமையாத டிரைவர்களை மட்டும் ஏற்றும் 'சேஃப் மோடு' என்ற நிலையில் கணினியைத் தொடங்கி, டிரைவர்ஸ் கோப்புறைக்குள் இருந்த அந்தத் திருத்தக் கோப்பை அழிப்பது. ஃபார்மட் தேவைப்படவில்லை, காரணம் தெரிந்திருந்தது என்பதே அதற்குக் காரணம்.

வீட்டுக் கணினியிலும் சேஃப் மோடின் பயன் இதுவே. அந்நிலையில் தொல்லை மறைந்தால் காரணம் பின்னர் நிறுவிய டிரைவரிலோ நிரலிலோ இருக்கிறது. மறையாவிட்டால் இயங்குதளத்தின் கோப்புகளிலோ வன்பொருளிலோ இருக்கிறது. இயங்குதளக் கோப்புகள் மீது ஐயம் எழுந்தால், விண்டோஸுக்குள்ளேயே உள்ள 'டிஸ்ம்' என்ற கருவியால் மூலக் கோப்புகளின் சேமிப்பைச் சரிசெய்து, அதன்பின் 'எஸ்.எஃப்.சி.' என்ற கருவியால் சிதைந்த கோப்புகளை அந்தச் சேமிப்பிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். வரிசை மாறினால், சிதைந்த மூலத்திலிருந்தே மாற்று எடுக்கப்படும் இடர் உண்டு. எந்தச் சோதனையிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைத் தாளில் குறித்துவைப்பது இன்றியமையாதது, ஏனெனில் ஐந்தை ஒருசேர மாற்றித் தொல்லை தீர்ந்தால், எதனால் தீர்ந்தது என்பது தெரியாமற்போய் அடுத்த முறை மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

ஃபார்மட்டே வேண்டாம் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. தீநிரல் ஆழமாகப் புகுந்த கணினிக்கும், விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ உள்ள கணினிக்கும் அதுவே முறை. ஆனால் அதற்கு முன் இரண்டு செயல்கள் முடிந்திருக்க வேண்டும். முதலாவது, கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்து, அந்த நகலை இன்னொரு கணினியில் திறந்தும் பார்த்துவிடுதல். இரண்டாவது, வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா என்று அறிதல். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழையும்போது, பல கணினிகளில் வட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது. மதர்போர்டை மாற்றினாலோ வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினாலோ 48 இலக்க மீட்பு எண் கேட்கப்படும், அந்த எண் இல்லையேல் கோப்புகள் திரும்பக் கிடைக்கா. தம் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதிவைக்க வேண்டும்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பதிவு செய்துகொள்ளும் தனிப்பயனர்களுக்கு மட்டும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு போன்ற தகுதிகள் இல்லாமையால் விண்டோஸ் 11ஐ ஏற்க முடியாத கணினியில், விண்டோஸ் 10ஐயே மீண்டும் ஃபார்மட் செய்து நிறுவுவதால் திருத்தங்கள் திரும்பி வந்துவிடுவதில்லை. கணினியைக் கடையில் கொடுப்போர் அனைவரும், பழுது எது, அது எந்தப் பதிவால் அல்லது எந்தச் சோதனையால் தெரிந்தது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு, விடையை எழுதி வாங்கிக்கொண்ட பிறகே ஃபார்மட்டுக்குச் சம்மதிக்க வேண்டும்.